இரண்டு தரம் கழித்த வெளிச்சம்

அத்தியாயம் பதினான்கு

சிவதர்ஷனின் வெள்ளைச் சட்டையை விதுர்ஷாதான் அயன் பண்ணினாள். கழுத்துப்பட்டி, கைமடிப்பு, பொத்தான் வரிசை என்று ஒவ்வோர் இடமாகத் தண்ணீர் தெளித்து அழுத்தித் தேய்த்தாள். பிற்பகல் மூன்று மணிக்கு மட்டக்களப்பு நகரத்து மண்டபம் ஒன்றில் முந்நூறு பேர் முன்னால் அவன் நிற்கப்போகிறான். விழுகிற நேரத்தில் அவன் சட்டையில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது என்று அவளுக்கு இருந்தது.

“நீ ஏன் புள்ள கஷ்டப்படுற? அக்கா செய்வாதானே,” என்றான் சிவதர்ஷன், தோளில் துவாயோடு வாசலில் நின்று.

“பரவால்ல அத்தான். ஒரு நாள்தானே.”

அவன் சிரித்தான். அந்தப் பதில் அவனுக்குப் பிடித்திருந்தது.

அக்கா அஜந்தாவின் கணவன். பல்கலைக்கழகத்தில் பதினொரு வருடம் பௌதிகவியல் விரிவுரையாளனாக இருந்துவிட்டு, சென்ற மாதம்தான் பேராசிரியன் ஆனவன். தங்கள் ஊரான தன்னாமுனைக்கு ஒரு பேராசிரியர் கிடைத்திருக்கிறார் என்று ஊறணிச் சந்தியில் அவன் முகம் போட்ட பதாகை தொங்குகிறது. பதவியைக் கொண்டு வந்தது ஒரேயொரு ஆய்வுக் கட்டுரை. அந்தக் கட்டுரையின் உயிரை உண்டாக்கியவள் இப்போது அவனுடைய சட்டைக்கு அயன் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வருடங்களுக்கு முன் விதுர்ஷா நெதர்லாந்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மாங்கேணிப் பக்கத்து ஐஸ் பக்டரி ஒன்றில் கம்பிரஸர் ஓட்டிய அப்பா நல்லரத்தினத்தின் முகத்தில் அமோனியாக் குழாய் வெடித்தது என்று செய்தி வந்தது. அன்றிரவே விமானம் ஏறினாள். அப்பாவின் இடது கண் போயிற்று. நுரையீரல் பாதி போயிற்று. அம்மா இல்லாத வீடு. ஆஸ்பத்திரிக் கட்டிலோரத்தில் அவள் இருந்த ஏழு கிழமைக்குள், அவளுடைய லெப்டொப்பில் இருந்த வேலை அத்தானின் கைக்குப் போய்விட்டது. திரும்பிப் போகப் போட்ட விசாவுக்குப் பதில் வராததால் படிப்பும் அந்த வேலையும் அப்படியே நின்றுபோயின. அந்த வேலை கட்டுரையாக வெளிவந்ததைச் சென்ற மாதம்தான் கண்டாள். ஆசிரியர் பெயர் சிவதர்ஷன். கடைசிப் பக்கத்தில் நன்றி வரி ஒன்று இருந்தது: “தட்டச்சு உதவிக்குச் செல்வி விதுர்ஷாவுக்கு நன்றி.”

களவை அவள் மன்னித்திருக்கவும் கூடும். அந்த வரியை மன்னிக்க ஏலாது.

அது என்ன வேலை என்று கேட்டால், அவளால் ஒரு மணிநேரம் மூச்சு விடாமல் சொல்ல முடியும். பதினாறு ஒளியாண்டு தூரத்தில் ஒரு நட்சத்திரம். அதைவிட்டு வெகு தள்ளி, ஒரு சுற்று முடிக்க நூற்றெண்பது வருடம் எடுக்கும் இராட்சதக் கோள் ஒன்று. வியாழனைப் போல ஆறு மடங்கு பாரம். நட்சத்திரத்தின் சூடு அந்தத் தூரத்துக்கு எட்டாது. பிறந்தபோது இருந்த சூட்டின் மிச்சம்தான் அதை மங்கலாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. மனிதர் இதுவரை காற்றை ஆராய்ந்த தூரத்துக் கோள்கள் அநேகமாக அடுப்புப்போலக் கொதிப்பவை. இது தண்ணீர் உறைகிற குளிரில் கிடப்பது. அந்தக் குளிரில் என்ன மேகம் மிதக்கும் என்று சரியாக எவருக்கும் தெரியாது.

விண்வெளித் தொலைநோக்கி, நட்சத்திரத்தைச் சின்னத் தகட்டால் மறைத்துவிட்டுப் பக்கத்தில் தெரியும் அந்தப் புள்ளியை இரண்டு வடிகட்டிகள் வழியே படம் எடுத்திருந்தது. ஒரு வடிகட்டியில் வரும் வெளிச்சத்தை அமோனியா விழுங்கும். மற்றதில் வருவதை விழுங்காது. இரண்டையும் ஒப்பிட்டால் அங்கே எவ்வளவு அமோனியா என்று சொல்லிவிடலாம். படங்கள் யாரும் எடுக்கக்கூடிய பொதுக் களஞ்சியத்தில் கிடந்தன. தன் பட்ட வேலை போக, ஒன்றரை வருட மாலை நேரங்களை அந்தப் புள்ளிக்குக் கொடுத்தவள் விதுர்ஷா.

சட்டையைக் கொழுவியில் மாட்டினாள். கைத்தொலைபேசியை எடுத்து, விடிய வந்திருந்த மின்னஞ்சலை மறுபடியும் வாசித்தாள்.

நெதர்லாந்தில் அவளை வழிநடத்திய பேராசிரியை மரெய்க்கே எழுதியிருந்தார். அதே கோளைப் புதிதாக வேறொரு வடிகட்டியால் பார்த்திருக்கிறார்களாம். புதிய அளவு சிவதர்ஷனின் கட்டுரையோடு ஒத்துப்போகவில்லை. விளக்கம் கேட்டால் அவனிடமிருந்து பதில் இல்லை. “நீ இந்தக் கோளில் வேலை தொடங்கியதாக எனக்கு ஞாபகம். இந்தக் கட்டுரையில் உனக்குப் பங்கு உண்டா? இன்று பின்னேரம் எங்கள் கூட்டத்துக்கு முன் சொல்வாயா?”

பதில் அவளிடம் இருந்தது. ஒரு நிமிட வேலை. அனுப்பவில்லை. அனுப்பினால் கதை நெதர்லாந்தில் முடிந்துவிடும். தன்னாமுனையில், தட்டச்சுக்கு உதவியவள் பொறாமையில் எழுதினாள் என்றுதான் நிற்கும். அவனுடைய வாயாலேயே வர வேண்டும்.

காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் இறால் சொதியும். நல்லரத்தினம் ஒற்றைக் கண்ணால் மருமகனைப் பார்த்துப் பார்த்துச் சந்தோசப்பட்டார்.

“அப்ப தம்பி, அந்தக் கோள்லயும் அமோனியாதானா?”

“ஓம் மாமா. நிறைய.”

“நிறைய எண்டா?”

“எல்லாரும் நினைச்ச அளவு. மேகம் ஒண்டும் மறைக்கல்ல. தெளிவாத் தெரியுது.”

விதுர்ஷா அவனுடைய கோப்பையில் இன்னுமொரு அகப்பை சொதி ஊற்றினாள்.

மேகம் இருக்கிறது. அவளுக்குத் தெரியும். அந்தப் படத்தில், கோளின் வெளிச்சத்தோடு பின்னால் கிடக்கும் தூரத்து விண்மீன் கூட்டமொன்றின் வெளிச்சமும் கலந்திருந்தது. அதைக் கழிக்க வேண்டும். முதல் கணக்கில் அவள் தவறுதலாக அதை இரண்டு தரம் கழித்துவிட்டாள். அதனால் அமோனியா வடிகட்டியில் கோள் உள்ளதைவிட மங்கிப்போனது. மங்கினால் அமோனியா கூட என்று அர்த்தம். பிழையை ஆஸ்பத்திரிக் கட்டிலோரத்தில்தான் பிடித்தாள். லெப்டொப் வீட்டில் இருந்தது. கையில் இருந்த தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பியில் முழுவதையும் திருத்திப் போட்டாள். திருத்திய கணக்கில் அமோனியா குறைந்தது. உறைந்த தண்ணீர்த் துகள்களால் ஆன வெண்மேகம் அதன்மேல் மூடிக்கிடக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். உண்மையான கண்டுபிடிப்பு அதுதான்.

சிவதர்ஷன் எடுத்தது லெப்டொப்பில் கிடந்த பழைய கணக்கு. பிழையோடு சேர்த்து எடுத்திருந்தான். எல்லோரும் எதிர்பார்த்த விடை வந்திருந்ததால் கட்டுரையைச் சரிபார்த்தவர்களும் சந்தேகப்படவில்லை.

*

பகல் பன்னிரண்டரைக்கு அஜந்தா தன் அறையிலிருந்து கூப்பிட்டாள்.

“விது, இந்தத் தலைப்பை ஒருக்காக் குத்தி விடு.”

மாம்பழ நிறப் பட்டுச் சேலை. முப்பத்தெட்டு வயதிலும் அக்காவுக்கு எந்த நிறமும் எடுக்கும். பெரிய பாடசாலையில் உயர்தர ஏலெவல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிப்பவள். விழாவுக்கு அவளுடைய வகுப்பு முழுவதும் வருகிறது.

விதுர்ஷா கைப்பையைக் கட்டிலில் வைத்துவிட்டு ஊசியை எடுத்தாள். பையின் வாய்க்குள்ளிருந்து சீ.ஆர். கொப்பியின் நீல மூலை வெளியே தெரிந்தது. அஜந்தா கண்ணாடியில் அதைக் கண்டாள்.

“அந்தக் கொப்பி எதுக்கு?”

“சும்மா.”

“ஆஸ்பத்திரியில வைச்சு எழுதின கொப்பிதானே அது. அவர் மேடையில இருக்கக்குள்ள நீ ஏதும் கதைக்கப் போறியா?”

“ஒரு கேள்வி கேக்கப் போறன். எல்லாருக்கும் கேக்கலாம்தானே.”

அஜந்தா கட்டில் விளிம்பில் இருந்துவிட்டாள். சேலை மடிப்புக் குலைந்தது. விதுர்ஷா ஊசியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

“எனக்கு ஒண்டு மட்டும்தான் விளங்கல்ல அக்கா,” என்றாள். “என்ட லெப்டொப்புக்குப் பாஸ்வேர்ட் இருந்த. அம்மாட பேரும் அவ செத்த திகதியும். அத்தானுக்கு அந்தத் திகதி தெரியா. ஒவ்வொரு வருசமும் நீ சொன்னாத்தான் அவருக்கு ஞாபகம் வரும்.”

வெளியே வாவிப் பக்கமிருந்து காற்று வந்து யன்னல் சீலையைத் தூக்கியது.

“நான்தான் திறந்து குடுத்தன்,” என்றாள் அஜந்தா.

விதுர்ஷாவுக்கு அது தெரிந்தேயிருந்தது. ஒரு மாதமாகத் தெரியும்.

“அவர் என்ட தலையில கைவைச்சுச் சொன்னவர் விது, ரெண்டு பேர்ட பேரும் வரும், உன்ட பேர்தான் முதல்ல வரும் எண்டு. நீ அப்பாவோட கிடந்து பாடுபட்டாய். உன்ட வேலை நிண்டுபோகக் கூடா எண்டுதான் நினைச்சன்.”

“சரி. கட்டுரை வந்தாப்பிறகு?”

“கேட்டன். இனி என்ன செய்ய ஏலும் எண்டார்.”

“நீ?”

“நான் பேசாம இருந்துட்டன்.”

“ஏன்?”

அஜந்தா நிமிர்ந்து பார்த்தாள். “உனக்குப் பொய் சொல்லக் கூடா. எனக்குச் சந்தோசமா இருந்த. என்ட புருசன் பேராசிரியர் எண்டு சொல்ல ஆசையா இருந்த. சின்னனில இருந்து எல்லாப் பரிசும் நீதான் வாங்கினாய். ஒருக்கா என்ட பக்கம் வரட்டும் எண்டு இருந்த.”

அவள் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அவரை நீ என்ன வேணும் எண்டாலும் செய். நான் தடுக்க மாட்டன். என்ட பேரை மட்டும் எடுக்காத. அந்தப் புள்ளைகள் முன்னுக்கு இருப்பாங்க. பரீட்சையில பார்த்து எழுதக் கூடா எண்டு அவங்களுக்குச் சொல்றவள் நான்.”

விதுர்ஷா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மடிப்பைச் சரிசெய்து, தலைப்பைத் தோளில் வைத்து ஊசியைக் குத்தினாள். அஜந்தா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

*

மண்டபம் நிறைந்திருந்தது. கரை ஓரத்து யன்னல்கள் வழியே வாவி வெயிலில் தகதகத்தது. தலைமை தாங்கியவர் ஏறாவூர் முத்தலிப், ஓய்வுபெற்ற இரசாயனவியல் பேராசிரியர். மெல்லிய குரல்காரர். சிவதர்ஷனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மாலை போட்டார்கள். பிறகு அவன் பேசினான்.

நன்றாகவே பேசினான். குளிர்ந்த கோளைப் பற்றி, மறைத்த நட்சத்திரத்தைப் பற்றி, மங்கல் புள்ளியைப் பற்றி. ஒவ்வொரு வாக்கியமும் விதுர்ஷாவுக்குத் தெரிந்த வாக்கியம். சில உவமைகள்கூட அவள் சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவுக்குச் சொன்னவை.

“இந்தக் கோளில் நான் கண்டது அமோனியா,” என்றான் கடைசியில். “என்னுடைய மாமனாரின் கண்ணைப் பறித்ததும் அதே அமோனியாதான். அவருடைய கண்ணுக்காகத்தான் நான் வானத்தைப் பார்த்தேன்.”

மண்டபம் எழுந்து கைதட்டியது. முன்வரிசையில் நல்லரத்தினம் கைகூப்பி நின்றார். அவருடைய நல்ல கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் அவன் இருந்தது மொத்தம் இரண்டு பின்னேரம். மனதில் இருந்த கொஞ்ச நஞ்சத் தயக்கமும் அந்தக் கைதட்டலோடு போயிற்று.

கேள்வி நேரம் வந்தது. ஒருவர் அங்கே மனிதர் வாழலாமா என்று கேட்டார். இன்னொருவர் சோதிடத்தில் இந்தக் கோளுக்கு இடம் உண்டா என்றார். சிரிப்பு. பிறகு விதுர்ஷா எழுந்தாள்.

“என்ட மைத்துனி,” என்றான் சிவதர்ஷன் ஒலிவாங்கியில், செல்லமாக. “கட்டுரையைத் தட்டச்சுச் செய்து தந்தவ.”

“ஓம்,” என்றாள் அவள். “அத்தான், அந்த அட்டவணைப் படத்தை மறுகா ஒருக்காப் போடுங்க.”

திரையில் அட்டவணை வந்தது.

“அமோனியா வடிகட்டியில அளந்த வெளிச்சம் பத்தொன்பது எண்டு போட்டிருக்கிங்க. பின்னால இருக்கிற விண்மீன் கூட்டத்திட வெளிச்சம் அஞ்சு எண்டு உங்கட கட்டுரையிட கடைசிப் பக்கத்தில இருக்கு. அதை எத்தனை தரம் கழிக்கணும்?”

“ஒரு தரம். அது எல்லாருக்கும் தெரியும்தானே.”

“பத்தொன்பதில அஞ்சு போனா?”

அவன் வாய் திறக்குமுன் அஜந்தாவின் மாணவிகள் இருந்த பக்கமிருந்து, “பதினாலு,” என்று கேட்டது.

“அட்டவணையில கோளிட வெளிச்சம் ஒன்பது எண்டு இருக்கு,” என்றாள் விதுர்ஷா. “மிச்ச அஞ்சு எங்க போன?”

சிவதர்ஷன் திரும்பித் திரையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். அவன் முட்டாளல்ல. பத்து விநாடியில் அவனுக்கு எல்லாம் விளங்கியது என்று அவனுடைய கழுத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்தது. நெதர்லாந்துக்காரர் ஏன் விளக்கம் கேட்டார்கள் என்பதும் அந்த நிமிடம்தான் அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

“அது தட்டச்சுப் பிழை,” என்றான்.

“தட்டச்சுப் பிழை எண்டா ஒரு இடத்தில இருக்கும். இந்த ஒன்பதை வைச்சுத்தான் அமோனியா இவ்வளவு எண்டு கணக்குப் பாத்திருக்கிங்க. பதினாலு எண்டா அமோனியா குறைவு. அதுக்கு மேல மேகம் இருக்கு. உங்கட முடிவு முழுக்க மாறும்.”

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முத்தலிப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“அந்தப் புள்ள சொல்றது சரிதானே, சிவதர்ஷன்,” என்றார். “ரெண்டு தரம் கழிச்சிருக்கு.”

விதுர்ஷா இன்னும் உட்காரவில்லை. “ஏன் அத்தான் ரெண்டு தரம் கழிச்சீங்க?”

அவள் காத்துக்கொண்டிருந்தது இதற்குத்தான். ஒரு மாதமாக இந்த ஒரு கேள்வியைத்தான் மனதுக்குள் தீட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு முன்னால் இரண்டு கதவு. ஒன்று, பிழை என்னுடையது என்று ஒப்புக்கொள்வது. பேராசிரியனாகி ஒரு மாதத்தில், ஊருக்கு முன்னால், சின்னப் பிள்ளைகள் கண்டுபிடித்த பிழை. மற்றக் கதவு அதைவிட இலகுவாகத் திறக்கும்.

அவன் முகம் சிவந்துவிட்டது.

“நானா கழிச்சன்? கழிச்சது நீ. இந்த அட்டவணையில ஒரு இலக்கத்தைக்கூட நான் தொடல்ல. முழுக்க நீ போட்ட கணக்கு. உன்ட பிழைக்கு என்னைக் கேள்வி கேக்கிறாய்.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது.



“ஓம்,” என்றாள் விதுர்ஷா. “பிழை என்டதான். அட்டவணையும் என்டதான்.”

அவள் கொப்பியைக் கொண்டுபோய் முத்தலிப்பின் மேசையில் விரித்து வைத்தாள். திருத்திய கணக்கு. பக்கத்தின் ஓரமெல்லாம் நல்லரத்தினத்தின் ஒட்சிசன் அளவுகள், திகதியும் நேரமும் போட்டு. எண்பத்தாறு. எண்பத்தெட்டு. எண்பத்தைந்து. கட்டுரை வெளிவருவதற்கு இரண்டு வருடத்துக்கும் மேல் முந்திய திகதிகள். முத்தலிப் விரலை ஓட்டிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

அந்த நிமிடத்தைப் போன்ற ருசியை அவள் அதுவரை அறிந்ததில்லை. சிவதர்ஷனின் கழுத்தில் மாலை சரிந்து ஒரு பக்கம் தொங்கியது. சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் வெள்ளையாக நின்றது.

ஆனால் அவன் இன்னும் விழவில்லை.

“சேர், இது கூட்டு வேலை,” என்றான் முத்தலிப்பைப் பார்த்து. குரலை இறக்கி, நிதானத்தை வரவழைத்துக்கொண்டிருந்தான். “அவவே எனக்குத் தந்தவ. பேர் போட வேணாம் எண்டும் அவதான் சொன்னவ. படிப்பை விட்டுட்டு வந்தவதானே, வெக்கம். இப்ப மனம் மாறிட்டா. குடும்பத்துக்குள்ள பேசித் தீக்கிற விசயம்.”

சில தலைகள் ஆடின. குடும்ப விசயம் என்றால் ஊருக்குச் சட்டென்று விளங்கிவிடும். முன்வரிசையில் ஒரு பெரியவர், “அதுதானே, இஞ்ச வைச்சா கதைக்கிற,” என்றார்.

முத்தலிப் அவளைப் பார்த்தார். “மகள், நீங்களா குடுத்தீங்க?”

“இல்ல சேர். நான் குடுக்கல்ல.”

“அப்ப நான் களவெடுத்தனா?” என்றான் சிவதர்ஷன். “பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டின லெப்டொப்பை நான் உடைச்சா எடுத்தன்? சொல்லு. எல்லாருக்கும் சொல்லு.”

அவன் கண் ஒரு கணம் முன்வரிசைக்குப் போய் வந்தது. அவனுக்குத் தெரியும். அந்தப் பெயரை அவள் சொல்லமாட்டாள் என்ற துணிவில்தான் கேட்கிறான். அக்காவைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

அஜந்தா மாம்பழ நிறச் சேலையில் நிமிர்ந்து இருந்தாள். அவளுக்குப் பின்னால் நான்கு வரிசை வெள்ளைச் சீருடை. அவள் தலையை அசைக்கவில்லை. உதடு மட்டும், வேண்டாம் என்றது.

நிறுத்தியிருக்கலாம். கொப்பி போதும், முத்தலிப் போன்றவர்கள் விசாரித்து உண்மையைக் கண்டுபிடிப்பார்கள், ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும் என்று விதுர்ஷாவுக்குத் தெரிந்தது. அதுவரை அவன் பேராசிரியனாக அதே வீட்டில் அவளுக்கு எதிரே இருந்து சொதி ஊற்றிச் சாப்பிடுவான். தட்டச்சு உதவி.

“அக்கா திறந்து குடுத்தவ,” என்றாள். “எனக்குத் தெரியாம. இண்டைக்குப் பகல்தான் அவவே எனக்குச் சொன்னவ.”

முந்நூறு முகங்கள் ஒரே நேரத்தில் அஜந்தாவின் பக்கம் திரும்பின.

அஜந்தா எழுந்தாள். தலைப்பை இழுத்துத் தோளை மூடினாள். மாணவிகளைப் பார்க்கவில்லை, கணவனைப் பார்க்கவில்லை, தங்கையையும் பார்க்கவில்லை. பக்கக் கதவால் வெளியே போனாள். அவர்கள் வந்த வான் வண்டியின் கதவு அடைபடும் சத்தமும், அது உறுமிக்கொண்டு போகும் சத்தமும் உள்ளே கேட்டன.

முத்தலிப் கொப்பியை மூடினார். “விழாவை இத்தோட முடிப்பம்,” என்றார். “சிவதர்ஷன், நாளைக்குக் காலைல பல்கலைக்கழகத்துக்கு நான் எழுதுவன். நீங்களும் எழுதுங்க. நான் எழுத முதல் எழுதினா உங்களுக்கு நல்லது.”

சிவதர்ஷன் பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

*

மண்டபப் படியில் நின்றபடியே விதுர்ஷா கொப்பியின் பக்கங்களைப் படம் எடுத்து மரெய்க்கேக்கு அனுப்பினாள். “கோளின் வெளிச்சம் ஒன்பது அல்ல, பதினாலு. தண்ணீர்ப் பனி மேகம் இருக்கிறது. கணக்கும் பிழையும் திருத்தமும் என்னுடையவை.” நெதர்லாந்தில் அப்போது மதியம்தான். கூட்டத்துக்கு நேரம் இருந்தது.

அப்பாவும் அவளும் ஓட்டோவில் திரும்பினார்கள். ஓட்டோ பிள்ளையாரடியைத் தாண்டும்போது நல்லரத்தினம் மடியிலிருந்த பையைத் துழாவினார். மூச்சுக்கு மருந்தை இரண்டு தரம் இழுத்தார்.

“அவனுக்கு அது வேணும்,” என்றார் பிறகு. “அக்காட பேரை விட்டிருக்கலாம் மகள்.”

“விட்டிருந்தா அவர் தப்பியிருப்பார் அப்பா.”

“தப்பியிருந்தா என்ன.”

அக்கா எழுந்து போன விதம் விதுர்ஷாவின் கண்ணுக்குள் நின்றது. அதை மறைக்க, மேடையில் அவன் முகம் போன போக்கை வேண்டுமென்றே நினைத்துக்கொண்டாள். நினைக்க இனித்தது. மறுபடி நினைத்தாள்.

வீட்டு வாசலில் இறங்கியபோது பொழுது சரிந்து வாவி செம்பு நிறமாகியிருந்தது. கேற்றுக்கு வெளியே சிவதர்ஷனின் இரண்டு சூட்கேசும் புத்தகப் பெட்டியும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அந்த ஊர் வழக்கப்படி வீடு மூத்த மகளின் சீதனம். கல்யாணத்துக்கு வந்தபோது அவன் கொண்டு வந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

கேற்றுக்கு உள்ளே அஜந்தா நின்றாள். சேலையை மாற்றியிருந்தாள். முகம் கழுவி, தலையை இழுத்துக் கட்டியிருந்தாள். அழுத அடையாளமே இல்லை.

“அக்கா,” என்றாள் விதுர்ஷா.

“அவர் இனி இஞ்ச வரமாட்டார். அது உனக்காக இல்ல, எனக்காக.” குரல் வகுப்பில் பாடம் சொல்வதுபோல் இருந்தது. “நான் பிழை செஞ்சன். அதுக்கு நீ தண்டனை தந்தாய். சரி. நான் உன்னட்ட ஒண்டே ஒண்டுதான் கேட்டன் விது.”

“அவர் என்னைச் சொல்ல வைச்சார்.”

“ஒருத்தரும் வைக்கல்ல. நான் உன்ட முகத்தைப் பாத்தன்.”

அவள் கையில் கபில நிற உறை ஒன்று இருந்தது. கம்பிகளுக்கு நடுவால் அதை நீட்டினாள்.

“நீ நெதர்லாந்துக்குத் திரும்பிப் போக விசாவுக்குப் போட்டாய். பதில் வரும் வரும் எண்டு ஆறு மாசம் வாசலையே பாத்துக்கொண்டு இருந்தாய். இல்ல எண்டுட்டாங்க போல எண்டு பிறகு விட்டுட்டாய். அவங்க இல்ல எண்டு சொல்லல்ல. இந்தா. முப்பது நாளைக்குள்ள வந்து முத்திரை குத்து எண்டுதான் எழுதியிருக்கு.”

விதுர்ஷா உறையை வாங்கினாள். தூதரகத்தின் பெயர். பதிவுத் தபால். இரண்டரை வருடத்துக்கு முந்திய திகதி. முன்னமே கிழித்துத் திறந்திருந்தது.

“இதையும் அத்தானா?”

“அவருக்கு இது தெரியவே தெரியா. எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன் எண்டு சத்தியம் பண்ணிக் குடுத்தன். இண்டைக்கு மண்டபத்தோட எனக்கு ஒரு சத்தியமும் இல்ல.” அஜந்தா கேற்றின் கொளுக்கியில் கைவைத்தாள். “தபால் துண்டு உள்ளுக்குக் கிடக்கு. கையெழுத்து வைச்சு வாங்கி ஒளிச்சது ஆரெண்டு பார்.”

உறைக்குள் மஞ்சள் துண்டு இருந்தது. அவள் அதை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். முதல் எழுத்து நேராக இருந்தது. பிறகு கை நடுங்கி, பெயரின் மிச்சம் கோட்டை விட்டுக் கீழே இறங்கிப் போயிருந்தது. கண் போன பிறகு எழுதப் பழகிய கை. வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் அந்தக் கையைப் பிடித்துப் பழக்கியவள் அவள்தான்.

ஓட்டோக்காரன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அவளுக்குப் பின்னால் நின்றவரின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

விதுர்ஷா திரும்பவில்லை.

“அப்பா, இது உங்கட கையெழுத்தா?”

நல்லரத்தினம் கேற்றுத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

“ஓம்,” என்றார்.

அஜந்தா கொளுக்கியைத் தூக்கிக் கேற்றை அகலத் திறந்துவிட்டாள்.

“இப்ப ரெண்டு பேரும் உள்ளுக்கு வாங்க,” என்றாள்.